எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விட்டுக்கொடுக்கக் கூடாது: பாகூரிலிருந்து வந்த கேள்விக்கு ஒரு பதில்

புதுச்சேரியில் பாகூரை அடுத்த ஒரு சிற்றூரிலிருந்து ஓர் இளைஞர் கேட்டிருக்கும் கேள்வி இது. அவருடைய தந்தை ஒரு கட்சியில் கிளைப் பொறுப்பில் இருக்கிறார். தாய்மாமா எதிர்க்கட்சிக்காக வீடு வீடாக வாக்குக் கேட்டவர். சட்டப்பேரவைத் தேர்தலுக்குப் பிறகு இரு வீட்டாருக்கும் பேச்சில்லை. தங்கையின் மஞ்சள் நீராட்டு விழா நெருங்குகிறது. தாய்மாமன் சீர் வருமா என்பதே தெரியவில்லை. "ஒருவரையொருவர் மதித்து, விட்டுக்கொடுத்துப் போங்கள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். ஆனால் அரசியலில் விட்டுக்கொடுப்பது என்றால் கொள்கையை விற்பதுதானே? தவறான பக்கத்தில் நிற்கிறார் என்று உறுதியாகத் தெரிந்த ஒருவரை எப்படி மதிப்பது?" என்று அவர் கேட்கிறார்.

உங்கள் கேள்வியில் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. அவற்றைப் பிரித்துக்கொண்டால்தான் விடை கிடைக்கும். மதிப்பது என்பது ஒன்று, விட்டுக்கொடுப்பது என்பது வேறொன்று. கொள்கையில் ஒரு நூலளவும் இறங்கி வராமல் எதிராளியை முழுமையாக மதிக்க முடியும். சிறிதும் மதிக்காத ஒருவரோடு பதவிக்காக உடன்பாடு செய்துகொள்ளவும் முடியும். முதலாவதை நம் தமிழ்நாட்டு வரலாறே காட்டியிருக்கிறது. இரண்டாவதைப் புதுச்சேரி அரசியல் பலமுறை பார்த்திருக்கிறது.

முதலாவதற்குப் பெரியாரையும் ராஜாஜியையும் விடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. 1938-இல் ராஜாஜியின் ஆட்சி பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியபோது அதை எதிர்த்துச் சிறைக்குப் போனவர் பெரியார். 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த கல்வித் திட்டத்தைக் குலக்கல்வி என்று பெயரிட்டு ஊர் ஊராக எதிர்த்ததும் அவர்தான். இவற்றுக்கு நடுவில், 1949-இல், தம் சொந்த வாழ்க்கையின் மிகச் சிக்கலான ஒரு முடிவைப் பற்றி ஆலோசனை கேட்க, அப்போது கவர்னர் ஜெனரலாக இருந்த ராஜாஜியைத்தான் திருவண்ணாமலையில் சந்தித்தார். 1972 டிசம்பரில் ராஜாஜி மறைந்தபோது, நடக்க முடியாத நிலையிலும் சக்கர நாற்காலியில் வந்து கண்ணீர் விட்டார். இந்த நட்புக்காக இவர்களில் எவரும் கடவுளைப் பற்றியோ சாதியைப் பற்றியோ மொழியைப் பற்றியோ தம் நிலையை மாற்றிக்கொள்ளவில்லை என்பதைக் கவனியுங்கள். எதிராளி நேர்மையாகத்தான் தவறு செய்கிறார், விலைபோய்ச் செய்யவில்லை என்ற நம்பிக்கை இருவருக்கும் இருந்தது. அந்த நம்பிக்கைதான் அவர்களுடைய மதிப்பின் அடிப்படை.

இரண்டாவது வகையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முப்பதே தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களைக் கொண்ட புதுச்சேரிப் பேரவையில் இருவர் பக்கம் மாறினால் ஆட்சி ஆடிவிடும். 1974 மார்ச்சில் அமைந்த அமைச்சரவை அந்த மாதத்துக்குள்ளேயே கவிழ்ந்தது. 2021 பிப்ரவரியில் உறுப்பினர்கள் அடுத்தடுத்துப் பதவி விலகியதால் இன்னொரு அரசு பெரும்பான்மையை இழந்தது. இத்தகைய பேரங்களைப் பார்த்துப் பார்த்துத்தான், விட்டுக்கொடுப்பது என்றாலே விற்பது என்ற எண்ணம் உங்கள் தலைமுறைக்கு ஏற்பட்டிருக்கிறது என்று நினைக்கிறேன். அந்த எண்ணம் இயல்பானது. ஆனால் அது முழு உண்மை ஆகாது. நீங்கள் வாழும் நிலமே ஒரு நல்ல உடன்பாட்டின் மேல்தான் நிற்கிறது.

வில்லியனூர்ப் பக்கம் உள்ள கீழூருக்கு நீங்கள் போயிருக்கக்கூடும். 1954 அக்டோபர் 18 அன்று அங்கே புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளின் நகராட்சி உறுப்பினர்களும் பிரதிநிதித்துவ சபை உறுப்பினர்களுமாக 178 பேர் கூடி வாக்களித்தார்கள். இந்தியாவோடு இணைய வேண்டும் என்று 170 பேரும், வேண்டாம் என்று 8 பேரும் வாக்களித்தனர். நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. பள்ளிப் பாடத்தில் இவ்வளவுதான் இருக்கும். அந்த நாளுக்கு வந்து சேர்வதற்குள் இங்கே எவ்வளவு பகை இருந்தது என்பதையும், அந்தப் பகை எப்படி ஒரு தாளில் எழுதப்பட்ட உடன்பாடாக மாறியது என்பதையும் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும்.

1948 ஜூன் மாதத்தில், பிரெஞ்சு ஆட்சியில் இருந்த இந்தப் பகுதிகளின் மக்களே தங்கள் எதிர்காலத்தை வாக்கெடுப்பின் மூலம் முடிவு செய்யட்டும் என்று இந்தியாவும் பிரான்சும் ஒப்புக்கொண்டன. வங்காளத்தில் இருந்த சந்திரநாகூர் மறு ஆண்டே இணைப்புக்கு வாக்களித்து, பிறகு இந்தியாவோடு சேர்ந்தது. புதுச்சேரியில் அது நடக்கவில்லை. பிரெஞ்சு ஆதரவாளர், இணைப்பு ஆதரவாளர் என்று ஊர் இரண்டாகப் பிரிந்து, அடியாட்களும் தீவைப்பும் அன்றாடச் செய்தியாகின. தொழிலாளர் தலைவர் வ. சுப்பையாவின் வீடு 1950 ஜனவரியில் கொளுத்தப்பட்டது. 1951-இல் வந்த நடுநிலைப் பார்வையாளர்கள், அச்சமின்றி வாக்களிக்கும் சூழல் இங்கே இல்லை என்றே அறிக்கை தந்தார்கள். அதன் பிறகு இந்தியா வாக்கெடுப்பே வேண்டாம், நேரடியாக ஒப்படையுங்கள் என்றது. மக்களின் ஒப்புதல் இல்லாமல் ஒரு நிலப்பகுதியை விட்டுக்கொடுக்க எங்கள் அரசியலமைப்பு இடம் தராது என்றது பிரான்ஸ். இரண்டு நிலைகளுக்கும் நடுவில் வழியே இல்லை என்பதுபோல் ஆண்டுகள் கழிந்தன.

பூட்டைத் திறந்தது உள்ளூர் அரசியல்தான். பிரெஞ்சுச் சார்பு அணியின் வலிமையான தலைவராக இருந்த எதுவார் குபேர், 1954 மார்ச்சில் இணைப்புக்கு ஆதரவாகத் திரும்பினார். நெட்டப்பாக்கத்தில் ஒரு தற்காலிக அரசே அமைக்கப்பட்டது. அவருடைய மாற்றத்துக்குக் கொள்கை எவ்வளவு காரணம், கணக்கு எவ்வளவு காரணம் என்று இன்றும் விவாதிப்பவர்கள் உண்டு. அந்த ஆராய்ச்சி தேவைதான். ஆனால் நேற்று வரை எதிரணியில் நின்ற ஒருவர் சரியான பக்கத்துக்கு வரும்போது அவருக்குக் கதவை அடைத்திருந்தால், கீழூரில் 170 என்ற எண் வந்திருக்காது. பின்னாளில் குபேர் புதுச்சேரியின் முதலமைச்சரானார்; அவரோடு நெடுங்காலம் மோதிய சுப்பையா, 1969-இல் அமைந்த கூட்டணி அரசில் அமைச்சரானார். இரு தரப்புக்கும் இந்த ஊரில் இடம் இருந்தது.

கீழூர் வாக்கெடுப்பின் அமைப்பையே பாருங்கள். பொதுமக்கள் அனைவரும் வாக்களிக்கவில்லை. ஏற்கெனவே அவர்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் வாக்களித்தார்கள். மக்களின் ஒப்புதல் என்ற பிரான்சின் நிபந்தனை ஒருவகையில் நிறைவேறியது. கலவரத்துக்கு நடுவில் பொது வாக்கெடுப்பு வேண்டாம் என்ற இந்தியாவின் கவலையும் ஏற்கப்பட்டது. நடைமுறை ஆட்சியை நவம்பரிலேயே பிரான்ஸ் விட்டுக்கொடுத்தது. சட்டப்படியான இறையாண்மை இன்னும் பிரான்சிடமே இருக்கிறது என்பதை இந்தியா பொறுத்துக்கொண்டது. 1956 மே 28 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. அல்ஜீரியப் போரில் சிக்கியிருந்த பிரான்ஸ் அதை நாடாளுமன்றத்தில் நிறைவேற்ற 1962 வரை இழுத்தது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 16 அன்றுதான் சட்டப்படியான இணைப்பு முழுமையானது. ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் கொடி ஒருவருடையதாகவும் உரிமைப் பத்திரம் இன்னொருவருடையதாகவும் இருந்தன. குறையற்ற ஏற்பாடு என்று இதை நான் சொல்ல மாட்டேன். சாதாரண மனிதர் ஒருவர்கூட இந்த விஷயத்தில் நேரடியாக வாக்குச் சீட்டைத் தொடவில்லை என்பது பெரிய குறை. ஆயினும் அது நிலைத்தது.

ஏன் நிலைத்தது? என் கணிப்பில், தோற்ற பக்கத்தின் உரிமைகளை வென்ற பக்கம் எழுத்தில் ஏற்றுக்கொண்டதால்தான். இந்தியக் குடியுரிமை வேண்டாம், பிரெஞ்சுக் குடியுரிமையே தொடரட்டும் என்று விரும்பியவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்து அதைத் தக்கவைத்துக்கொள்ள ஒப்பந்தம் வழி செய்தது. ஆயிரக்கணக்கானோர் அப்படிச் செய்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்றும் இதே தெருக்களில் வாழ்கிறார்கள், பிரெஞ்சுத் தேர்தல்களில் வாக்களிக்கிறார்கள். அவர்களை யாரும் துரோகிகள் என்று ஊரைவிட்டு விரட்டவில்லை. அரசு ஊழியர்களின் பணி தொடர்ந்தது. மக்களின் பிரதிநிதிகள் வேறுவிதமாக முடிவெடுக்கும் வரை பிரெஞ்சு ஆட்சிமொழியாக நீடிக்கும் என்று எழுதப்பட்டது. இப்பகுதியின் தனி நிர்வாக நிலையை மாற்றுவதானால் மக்களின் விருப்பத்தை அறிந்த பிறகே மாற்ற வேண்டும் என்ற இரண்டாவது பிரிவு எல்லாவற்றிலும் முக்கியமானது. 1979-இல் புதுச்சேரியைத் தமிழ்நாட்டோடு இணைக்கும் பேச்சு எழுந்தபோது, கட்சி வேறுபாடின்றி ஊரே எதிர்த்து நின்றது, அந்தப் பேச்சு கைவிடப்பட்டது. முன்பு எதிரெதிராக நின்றவர்களின் பிள்ளைகள் அன்று ஒரே பக்கத்தில் நின்றார்கள்.

எதிராளியை எப்படி மதிப்பது என்ற உங்கள் கேள்விக்கு நான் தரும் முதல் விடை இதிலிருந்துதான் வருகிறது. மதிப்பு என்பதை மனத்தில் ஊறும் அன்பாக எண்ணி, அது வரவில்லையே என்று வருந்த வேண்டாம். அவர் தோற்றுப்போனாலும் அவருடைய குரல் எண்ணப்படும், அவருடைய வேலைக்கும் வீட்டுக்கும் தெருவுக்கும் ஆபத்து வராது என்று அவருக்கு உறுதி தருவதே அரசியலில் மதிப்பு. உங்கள் தந்தையின் கட்சி வென்றதும் மாமாவின் தெருவுக்குக் குடிநீர்க் குழாய் தாமதமாகிறதா, அவருடைய முதியோர் உதவித்தொகை மனு கிடப்பில் போடப்படுகிறதா என்று பாருங்கள். நம் ஊர்களில் கட்சிப் பகையின் வேர் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. கொள்கை விளக்கம் மேலே தெரியும் இலை மட்டுமே.

இனி விட்டுக்கொடுப்பதற்கு வருகிறேன். பங்கிடக்கூடிய பொருளைப் பற்றிய சண்டை, பங்கிடவே முடியாத ஒன்றைப் பற்றிய சண்டை என்று இதில் இரு வகை உண்டு. முதல் வகையில் விட்டுக்கொடுப்பது கடமை. தென்பெண்ணையில் தமிழ்நாட்டு எல்லைக்குள் இருக்கும் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக உங்கள் பாகூர் ஏரிக்குத் தண்ணீர் வருவது, ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் அருகருகே ஆண்ட காலத்து ஏற்பாட்டின் தொடர்ச்சி. ஐரோப்பாவில் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்ட இரண்டு வல்லரசுகள், ஆற்று நீர் என்று வந்தபோது உட்கார்ந்து பேச வேண்டியிருந்தது, ஏனென்றால் வாய்க்கால் எல்லைக்கல்லைப் பார்த்து நிற்பதில்லை. காவிரியிலும் அப்படியே. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்கு 404.25 டி.எம்.சி., கர்நாடகத்துக்கு 284.75 டி.எம்.சி. என்று மாற்றி வகுத்தபோது, காரைக்காலுக்காகப் புதுச்சேரிக்கு நடுவர் மன்றம் ஒதுக்கிய 7 டி.எம்.சி.யைக் குறைக்கவில்லை. எந்த மாநிலமும் முழு நிறைவு கொள்ளவில்லை. ஆனால் சண்டை உரிமை யாருக்கு என்பதிலிருந்து அளவு எவ்வளவு என்பதற்கு இறங்கிவிட்டது. அது பெரிய முன்னேற்றம்.

கடற்கரையில் இதைவிடக் கடுமையான சண்டை நடந்தது. சுருக்குமடி வலை வைத்திருப்பவர்களுக்கும், அந்த வலை மீன்வளத்தையே வாரிக்கொண்டு போகிறது என்று சொல்லும் சிறு படகு மீனவர்களுக்கும் கடலூரிலிருந்து நாகப்பட்டினம் வரை ஊருக்கு ஊர் பகை. 2021 ஆகஸ்டில் புதுச்சேரி மீனவ ஊர்களான வீராம்பட்டினத்தாரும் நல்லவாட்டாரும் மோதிக்கொண்டு, காவல்துறை வானத்தை நோக்கிச் சுடும் அளவுக்குப் போனது. ஒரே சாதி, ஒரே தொழில், பெண் கொடுத்து எடுத்த உறவு, எல்லாம் இருந்தும் நடந்த மோதல் அது. தமிழ்நாட்டு வழக்கில் 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஓர் இடைக்கால ஆணை பிறப்பித்தது: கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பால் மட்டும், திங்கள், வியாழன் ஆகிய இரு நாள் மட்டும், காலை 8 மணி முதல் மாலை 6 மணி வரை மட்டும் சுருக்குமடியைப் பயன்படுத்தலாம். இரு தரப்பும் குறை சொன்னார்கள். போய்த் திரும்பவே நேரம் போதாது என்றனர் ஒரு சாரார். கண்காணிப்பது யார் என்றனர் மறு சாரார். இரண்டும் நியாயமான குறைகள். ஆனால் தூரம், நாள், நேரம் என்று அளக்கக்கூடிய மூன்று பொருள்கள் மேசைக்கு வந்துவிட்டன. இனிப் பேரம் பேசினாலும் அதைப் பற்றித்தான் பேசுவார்கள், எவன் பெரியவன் என்பதைப் பற்றி அல்ல. இந்த வேலையை நீதிமன்றம் வரை போகாமல் மீனவப் பஞ்சாயத்துகளே செய்திருக்க முடியும் என்பது என் உறுதியான எண்ணம். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகளுக்கு விதிக்கப்படும் தடைக்காலத்தை இத்தனை ஊர்கள் ஏற்று நடக்கின்றனவே.

இரண்டாம் வகைக்கு வரும்போது என் தொனி மாறும், ஏனென்றால் விட்டுக்கொடுங்கள் என்ற நல்ல அறிவுரை மிகக் கெட்ட வேலைக்குப் பயன்படும் இடம் இதுதான். 2020 அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சியில், பட்டியல் சமூகத்தைச் சேர்ந்த பெண் தலைவர் ஊராட்சிக் கூட்டத்தில் தரையில் உட்கார, மற்றவர்கள் நாற்காலியில் அமர்ந்திருந்த படம் வெளியாகி நாடே பார்த்தது. அத்தகைய கூட்டங்கள் அமைதியாகத்தான் நடந்திருக்கும். சண்டையில்லை, சச்சரவில்லை, எல்லாரும் அனுசரித்துப் போனார்கள் என்று யாராவது சொல்லவும் கூடும். அந்த அமைதிக்கான விலையை ஒருவரே கொடுத்தார். நாற்காலியைப் பாதிப் பாதியாகப் பங்கிட முடியாது. கோயில் நுழைவு, பொதுப்பாதையில் பிணம் கொண்டுசெல்லும் உரிமை, தேர் எந்தத் தெரு வழியாகப் போகும் என்ற கேள்வி ஆகியவற்றில் வட்டாட்சியர் அலுவலகத்தில் அமைதிப் பேச்சுவார்த்தை நடத்தி, எளியவர் பக்கத்தையே இந்த ஆண்டு மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்கும் வழக்கம் நம் பகுதியில் இருக்கிறது. அதை நான் உடன்பாடு என்று ஏற்க மாட்டேன். தன் பங்கிலிருந்து ஒருவர் விட்டுக்கொடுக்கலாம். பிறருடைய மானத்தை எடுத்துக் கொடுத்துவிட்டுத் தாம் பெருந்தன்மையாளர் என்று சொல்லிக்கொள்ள முடியாது.

ஊராட்சித் தலைவர் பதவியைக் கோயில் நிதிக்கு அதிகத் தொகை தருபவருக்கு ஏலம் விட்டு, போட்டியின்றி ஒருமனதாகத் தேர்வு என்று அறிவிப்பதும் இதே வகைதான். ஊர் ஒற்றுமைக்காக என்பார்கள். அங்கே பிளவு தீரவில்லை, வாக்குரிமைதான் தீர்ந்துபோனது. போட்டி இருப்பது நோயன்று என்பதை நம் பெரியவர்கள் பலர் இன்னும் ஏற்கவில்லை.

ஆகவே கொள்கையை விற்பதா என்று ஐயம் வரும்போதெல்லாம், நான் விட்டுக்கொடுப்பது என்னுடையதா, கொடுத்த பிறகு வேறு எவராவது முன்பைவிடத் தாழ்ந்து நிற்பாரா என்று கேட்டுப் பாருங்கள். உங்கள் தந்தைக்கும் மாமாவுக்கும் இடையில் உள்ளதில் பெரும்பகுதி அவரவருடையதுதான்: யார் முதலில் பேசுவது, அழைப்பிதழில் எந்தக் கட்சிக்காரர் பெயர் முன்னால், வாசலில் யாருடைய பதாகை. இவற்றை விட்டுக்கொடுப்பதால் எந்தக் கொள்கையும் சாகாது. விழா வீட்டில் எந்தக் கட்சிப் பதாகையும் வேண்டாம் என்று உங்கள் தந்தையே முதலில் முடிவெடுத்து, தாமே நேரில் போய்த் தாம்பூலத்தட்டு வைத்து அழைக்கட்டும். வாட்ஸ்அப்பில் அழைப்பிதழை அனுப்பிவிட்டுக் கடமை முடிந்தது என்று இருக்க வேண்டாம். போகும் இடத்தில் அரசியல் பேச்சு வந்தால், மாமா ஏன் அந்தக் கட்சியில் இருக்கிறார் என்று கேளுங்கள். கூட்டுறவு ஆலையில் வேலை போனபோது உடன் நின்றவர் யார், மருத்துவச் செலவுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர் யார் என்ற கதைகள் வெளியே வரும். அவருடைய காரணத்தை அவரே ஒப்புக்கொள்ளும்படி உங்கள் வாயால் திருப்பிச் சொல்ல முடிந்த பிறகு, உங்கள் மறுப்பைச் சொல்லுங்கள். ஆனால் அவர் ஒரு சாதியையோ மதத்தையோ இழிவாகப் பேசினால், உறவு கருதி மௌனமாக இருக்காதீர்கள். குரலை உயர்த்தாமல், அங்கேயே, அப்போதே மறுத்துவிடுங்கள்.

வீட்டோடு முடியாத ஒரு காரணமும் இருக்கிறது. அதைச் சொல்லாவிட்டால் என் பதில் அரைகுறையாகிவிடும். உங்களுக்கு அண்டையில், கடலூர் மாவட்டக் கிராமங்களில் குடியரசு நாள், மே நாள், விடுதலை நாள், காந்தி பிறந்த நாள் என ஆண்டுக்குப் பலமுறை கிராம சபை கூட வேண்டும். எவ்வளவு குறையோடு நடந்தாலும், எதிர்க்கட்சிக்காரர் எழுந்து கேள்வி கேட்கவும், தெருவிளக்குக்கும் வாய்க்காலுக்கும் கட்சி கடந்து கையெழுத்திடவும் அது ஓர் இடம். புதுச்சேரியில் 1968-க்குப் பிறகு 2006-இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அந்த அமைப்புகளின் காலம் 2011-இல் முடிந்த பின் மறு தேர்தல் நடத்தப்படாமலே ஆண்டுகள் ஓடின. குழாய் உடைந்தாலும், சாலை பெயர்ந்தாலும், சான்றிதழ் வேண்டுமென்றாலும் போக வேண்டிய ஒரே வாசல் சட்டமன்ற உறுப்பினருடையது. தொகுதிக்குச் சுமார் 30,000 வாக்காளர்களே இருக்கும் இடத்தில், யார் யாருக்கு வாக்களித்தார் என்பது தெருவுக்குத் தெரு தெரியும். தோற்றவருக்கு ஐந்து ஆண்டுகள் எந்த மேடையும் இல்லை, வென்றவருக்கு எதிரே உட்கார்ந்து கேட்பவரும் இல்லை. இப்படிப்பட்ட ஏற்பாட்டில் சம்பந்திகள்கூடப் பகையாளிகள் ஆவார்கள்.

எனவே விழா முடிந்து உறவு சற்றுத் தளர்ந்த பின், உங்கள் தந்தையும் மாமாவும் சேர்ந்து செய்யக்கூடிய ஒரு வேலையை நான் பரிந்துரைக்கிறேன். உள்ளாட்சித் தேர்தலை நடத்தக் கோரும் ஒரு மனுவை எழுதி, இரண்டு கட்சிகளின் கிளைப் பொறுப்பாளர்களிடமும் கையெழுத்து வாங்கி, ஊரக உள்ளாட்சி அமைப்பான கொம்யூன் பஞ்சாயத்தின் ஆணையருக்கும் மாநிலத் தேர்தல் ஆணையத்துக்கும் அனுப்புங்கள். பாகூர் ஏரியின் வரத்து வாய்க்காலைத் தூர்வாருவதையும் அதிலேயே சேர்த்துக்கொள்ளலாம். அதில் இரு வீட்டு நிலத்துக்கும் பங்கு இருக்கும். மனுவின் வாசகத்தில் கருத்து வேறுபட்டால், வேறுபட்ட பகுதியைத் தனியாக, அவரவர் பெயரோடு, கீழே எழுதிக் கையெழுத்திடுங்கள்.